துடுப்பு வலிப்பது கையா, காலா?

துடுப்பு வலிப்பது கைவேலை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் பெரும் பலம் கால்களால் உதைப்பதில்தான் இருக்கிறது. அதனால்தான் கனடாவின் சில்கன் லோமன் கதை ஆச்சரியமானது.

1991இல் ஒருவர் ஓட்டும் படகுப் போட்டியில் அவர் உலகச் சம்பியன். 1992 மே மாதம் ஜேர்மனியின் எசன் நகரில் இன்னொரு படகு மோதி, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தசையும் கிழிந்தது. பார்சிலோனா ஒலிம்பிக்குக்குப் பத்துக் கிழமைதான் இருந்தது. ஐந்து சத்திரசிகிச்சைகள். ஓகஸ்ட் 2ஆம் திகதி வெண்கலப் பதக்கம்!

எப்படி முடிந்தது? படகில் உடம்பின் பாரத்தை இருக்கை தாங்குகிறது. பாதம் நிலத்தில் அடிபடுவதில்லை. அமெரிக்காவின் வேர்மொண்டில் திரைசிகாக்கர் சகோதரர்கள் 1981இல் சைக்கிள் சில்லை வைத்துச் செய்த வலிக்கும் மெஷினிலும் இதே வசதிதான். ஆறு உறையும் குளிர்காலத்தில் படகோட்டிகள் பழகச் செய்தது, இன்று கால் முறிந்தவர்களுக்கும் உதவுகிறது.

எனக்கும் கீழ்க்கால் முறிந்தபோது பிசியோதெரபிஸ்ட் அதில்தான் இருத்தினார். முன்னால் போய்க் கணுக்கால் மடியும் இடத்தில்தான் நோகும். அதுவரை போகாமல் பாதித் தூரம் வலித்தேன். குசினியில் பத்து மணித்தியாலம் நிற்க எனக்கு ஏழு மாதம் எடுத்தது.

"அவ பத்துக் கிழமையில எழும்பினவ, உனக்கென்ன?" என்று கேட்டவர்களும் உண்டு. அவருக்குப் பின்னால் வைத்தியர்கள், பயிற்சியாளர், பல வருடப் பயிற்சி எல்லாம் இருந்தன. மனவுறுதிக் கதையாக மட்டும் இதைச் சொல்லி, கால் முறிந்த தொழிலாளியை அவசரப்படுத்தாதீர்கள்.