கண்புரைச் சிகிச்சையும் மீண்ட பார்வையும்

கண்ணினுள்ளே பளிங்குபோலத் தெளிந்திருக்கும் வில்லை மங்கிப்போவதையே கண்புரை என்கின்றோம். அதனைத் தீர்க்க மனிதன் கண்ட முறைகள் பல. அவை ஒவ்வொன்றும் நோயாளிக்கு எத்துணைப் பார்வையை மீட்டுத் தந்தன என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

மிகப் பழைய முறையொன்று சுசுருத சங்கிதையிற் கூறப்பட்டுள்ளது. கூரிய கருவியினால் மங்கிய வில்லையைப் பார்வை வழியினின்றும் விலக்கிவிடுதலே அது. ஒளி புக வழி பிறந்தது. ஆயினும் வில்லை கண்ணினுள்ளேயே கிடந்தமையால் அழற்சி முதலிய கேடுகள் விளைந்தன. பெற்ற பார்வையையும் பலர் இழந்தனர். ஐரோப்பாவிலும் இம்முறையே நெடுங்காலம் வழங்கிற்று. இசைமேதை பாக், 1750இல் இருமுறை கண் சிகிச்சை பெற்றும் பார்வை மீளாமலே அவ்வாண்டிற் காலமானார்.

1747இல் பிரெஞ்சு வைத்தியர் ஷாக் தவியேல் மங்கிய வில்லையை வெளியே எடுத்தார். 206 சிகிச்சைகளில் 182 பலித்தன என்று பின்னர் அவர் அறிவித்தார். ஆனால், வில்லையற்ற கண்ணுக்குத் தடித்த மூக்குக்கண்ணாடி வேண்டியதாயிற்று. அதனூடே பொருள்கள் ஏறக்குறையக் காற்பங்கு பெருத்துத் தோன்றும். பக்கப் பார்வை குன்றும். கண்ணாடி உடைந்தால் பார்வையும் போயிற்று!

இக்குறை தீர, 1949இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் ஹரோல்ட் றிட்லி செயற்கை வில்லையைக் கண்ணினுள் வைத்தார். 1967இல் அமெரிக்கராகிய சார்ள்ஸ் கெல்மன், செவிக்கெட்டா ஒலியலைகளால் வில்லையை நொறுக்கிச் சிறு கீறல் வழியே உறிஞ்சியெடுத்தார். பிற்காலத்தில், அப்பொறியின்றிக் கையாலேயே செய்து, தையலுமின்றி முடிக்கும் சிறுகீறல் முறையும் எழுந்தது.

இவ்விரண்டில் எது மேலானது? நேபாளத்தில் 108 நோயாளரைக் கொண்டு செய்த ஆய்வொன்று 2007இல் வெளிவந்தது. ஆறு மாதங்களின் பின், தக்க கண்ணாடியுடன் 6/18 அல்லது அதனினும் மேலான பார்வை பெற்றோர் இருசாராரிலும் நூற்றுக்கு 98 பேர். கண்ணாடியின்றி அவ்வளவு பார்வை பெற்றோர் கைமுறையில் 89 பேர், பொறிமுறையில் 85 பேர். இது பெரிய வேற்றுமையன்று. கைமுறைக்கோ காலமும் செலவும் குறைவு.

ஆகவே, பொறியின் விலைகொண்டு சிகிச்சையை மதித்தல் தகாது. நோயாளி பெறும் பார்வையே அளவுகோல். வறியோர்க்கும் எட்டும் வழி உளதாயிருக்க, "வயதுபோனால் கண் மங்கத்தானே செய்யும்" என்று நம் முதியோரை இருளில் இருத்தல் முறையாகுமா? அவர்களைக் கைபிடித்து வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதல் இளைஞராகிய நம் கடனன்றோ!