இன்னொரு தடவை கேளுங்கள்

"ஏதாவது ஒரு சரித்திரக் கட்டுரை எழுதிக் கொடு" என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். நம் கல்லூரியின் சரித்திரத்தை எழுத என்னைவிட மூத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு நடிகையைப் பற்றி. "மலருக்கு சினிமா எதுக்குப்பா?" என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கடைசியில் நம்ம ஹாஸ்டலுக்கே வந்து சேரும் சங்கதி இது.

2014 மே மாதம் 'கோச்சடையான்' வெளிவந்தது. ரஜினிக்கு ஜோடி தீபிகா படுகோன். இந்திப் படவுலகில் அவர் உச்சத்தில் இருந்த நேரம். பணம், புகழ், கையில் அடுக்கடுக்காகப் படங்கள். ஆனால் அந்த வருஷம் பிப்ரவரியிலிருந்தே அவருக்குக் காலையில் எழுந்திருப்பதே பெரும்பாடாக இருந்திருக்கிறது. உள்ளுக்குள் ஒரு வெறுமை, காரணமில்லாத அழுகை. பெங்களூரிலிருந்து வந்திருந்த அம்மாவிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்புகிற சமயத்தில் மகள் உடைந்து அழ, வேலையில் பிரச்சினையா, வேறு ஏதாவதா என்று அம்மா துருவிக் கேட்டார். மகளிடம் பதில் இல்லை. இது சாதாரணக் கவலை இல்லை, வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம் என்று அந்தத் தாய்தான் கண்டுபிடித்தார். மனநல ஆலோசகர், பிறகு டாக்டர், மருந்து என்று சிகிச்சை நடந்தது. மனச்சோர்வு நோய் என்று தெரிந்தது.

2015 ஆரம்பத்தில் இதை அவரே வெளியில் சொன்னார். நம் நாட்டில் முன்னணியில் இருக்கும் ஒரு நடிகை, "எனக்கு மனநோய் இருந்தது, டாக்டரிடம் போனேன், மருந்து சாப்பிட்டேன்" என்று பேசுவது சின்ன விஷயமில்லை. அதே வருஷம் 'லிவ் லவ் லாஃப்' என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் வகுப்புகள் நடந்தன. 2016 அக்டோபரில் 'தோபாரா பூச்சோ' என்று ஒரு பிரச்சாரம் வந்தது. "மறுபடியும் கேளுங்கள்" என்று அர்த்தம். ஒருத்தர் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதே, இன்னொரு தடவை கேள் என்பதுதான் அதன் சாரம். 2025 அக்டோபரில் மத்திய சுகாதார அமைச்சகம் அவரை முதல் மனநலத் தூதராக அறிவித்தது.

கலைஞர்கள் பேசினால் நிஜமாகவே உயிர் பிழைக்குமா? எஞ்சினியர் புத்தி, கணக்குக் கேட்கும். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2017-ல் லாஜிக் என்ற அமெரிக்கப் பாடகர், அந்த நாட்டுத் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டு வெளியிட்டார். சாக நினைக்கும் ஒருவன் அந்த எண்ணுக்குப் பேசி மீள்வதுதான் பாட்டு. அந்தப் பாட்டு அதிகமாகப் பேசப்பட்ட 34 நாட்களை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். உதவி எண்ணுக்கு வழக்கத்தைவிட 9,915 அழைப்புகள் கூடுதல். தற்கொலைகள் எதிர்பார்த்ததைவிட 245 குறைவு. 2021 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளியானது. சாவைப் பெரிதுபடுத்திக் காட்டினால் அது பரவும். மீண்ட கதையைச் சொன்னால் அதுவும் பரவும்.

ஆனால் ஒன்று. போன் மணி அடித்தால் எடுக்க அந்தப் பக்கம் ஆள் வேண்டும். அந்த வேலை நம் தமிழ்நாட்டில் நடிகைக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. 1986-லேயே டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் 'சினேகா' அமைப்பைத் தொடங்கினார். புத்தி சொல்லாமல், குற்றம் சொல்லாமல், காது கொடுத்துக் கேட்கும் தொண்டர்கள் அங்கே இருந்தார்கள். பரீட்சையில் தவறியவர்கள் ஒரு வருஷம் காத்திராமல் உடனே மறுதேர்வு எழுத வழி வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் அவர்களும் உண்டு. நம்ம கடலூர் மாவட்டத்திலேயே, காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் அவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், பேங்க் லாக்கர் மாதிரி ஊருக்குப் பொதுவான ஓர் இடத்தில் அவரவர் பெட்டியில் பூட்டி வைப்பது. அதன் முடிவுகள் 2013-ல் வெளியாயின. தாங்க முடியாத அந்த வேகம் பல பேருக்குக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் உயிர் தங்கும். தீபிகாவின் அறக்கட்டளையும் பேச்சோடு நிற்கவில்லை. 2016-ல் கர்நாடகத்தின் தாவணகெரே, பிறகு ஒடிசா, அப்புறம் நம் திருவள்ளூர் மாவட்டம் என்று கிராமங்களில் சிகிச்சைக்கு உதவி வருகிறது. 2022 அக்டோபரில் அவரே திருவள்ளூருக்கு வந்து நோயாளிகளின் வீட்டாரோடு பேசினார்.

இவ்வளவும் போதுமா என்றால் போதாது. 2022-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். நாடு முழுக்க மாணவர்கள் 13,044 பேர்.

இப்போது ஹாஸ்டலுக்கு வருகிறேன். என் அறை நண்பன் ஒருவன் வேப்பூருக்குப் பக்கத்துக் கிராமம். மூன்றாம் வருஷத்தில் நாலு அரியர். வீட்டில் கடன். வெள்ளிக்கிழமை சந்தைக்கு அப்பா ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனால்தான் ஃபீஸ் கட்ட முடியும். திடீரென்று அவன் பேச்சைக் குறைத்தான். தன் கால்குலேட்டரை எனக்கே கொடுத்துவிட்டான். "என்னடா ஆச்சு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லடா" என்றான். நானும் சரி என்று படுத்துத் தூங்கிவிட்டேன்.

மெஸ்ஸில் பரிமாறிய அண்ணன்தான் மறுநாள் அவனைக் கவனித்தார். "என்ன தம்பி, சோறு அப்படியே இருக்கு?" "ஒண்ணுமில்லண்ணே." மற்றவர்கள் எழுந்து போனதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இப்ப யாரும் இல்ல, சொல்லு. செத்துடலாம்னு ஏதாச்சும் தோணுதா?" என்று நேராகவே கேட்டுவிட்டார். அவன் அங்கேயே உடைந்து அழுதான். அன்று இரவு முழுக்க அவர் அவனைத் தனியாக விடவில்லை. காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே மூட்டிவிட்டது போல் ஆகிவிடாதா என்று அன்று நான் பயந்தேன். அப்படி ஆகாது, நேராகக் கேட்பதுதான் ஆறுதல் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். எட்டாவது வரை படித்த அந்த அண்ணனுக்கு எப்படியோ அது தெரிந்திருந்தது.

அந்த நண்பன் இன்று குஜராத்தில் மோர்பியில் டைல்ஸ் கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறான். சந்திப்புக்கு மனைவி, பிள்ளைகளோடு வருகிறான். "எழுதட்டுமாடா?" என்று போனில் கேட்டேன். "பேரைப் போடாத. மத்ததெல்லாம் எழுது" என்றான்.

விருத்தாசலம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சூளையிலிருந்து வந்த சாமான் பார்வைக்கு முழுசாக இருக்கும். விரலால் சுண்டிப் பார்த்தால்தான் விரிசல் தெரியும். ஒரு தடவை சரியாகக் கேட்கவில்லையென்றால் இன்னொரு தடவை சுண்டுவோம். மண்ணுக்குக் காட்டும் அந்தப் பொறுமையை மனுஷனுக்கும் காட்டலாமே.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளே, 14416 என்ற எண்ணைப் போனில் போட்டு வையுங்கள். 2022-ல் தொடங்கிய அரசு மனநல உதவி எண் அது. இருபத்துநாலு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், காசில்லை. அரியர் வரும், போகும். உங்களுக்கு மனசு சரியில்லையென்றால் யாரிடமாவது சொல்லுங்கள். பக்கத்துக் கட்டில்காரன் "ஒண்ணுமில்ல" என்றால், நான் தூங்கின மாதிரி தூங்கிவிடாதீர்கள். எழுந்து உட்கார்ந்து இன்னொரு தடவை கேளுங்கள்.