சேலம் சீர்மிகு நகரத் திட்டமும் சேர்வராயன் மலையும்

சேலம் சீர்மிகு நகரத் திட்டம் என்பது இந்திய அரசின் சீர்மிகு நகரங்கள் திட்டத்தின் கீழ் சேலம் மாநகராட்சியில் மேற்கொள்ளப்பட்ட நகர மேம்பாட்டுத் திட்டமாகும். தேசியத் திட்டம் 2015 சூன் 25 அன்று தொடங்கப்பட்டது. அதற்குத் தேர்வான 100 நகரங்களில் 11 தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. சேலம் 2016 செப்டம்பரில் தேர்வு பெற்றது. ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலை இந்நகருக்கு வடக்கே உள்ளது.

வரலாற்றுப் பின்னணி

மலைக்கும் நகருக்குமான உறவு பழமையானது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். காப்பித் தோட்டங்கள் பெருகியபோது காடு குறைந்தது. 20ஆம் நூற்றாண்டில் மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்காக இம்மலையில் பாக்சைட்டு வெட்டப்பட்டது. இரண்டிலும் மலை மூலப்பொருளைத் தந்தது. வருவாயில் பெரும்பகுதி மலைக்கு வெளியே சென்றது.

நிதியும் நிர்வாகமும்

ஒவ்வொரு நகருக்கும் ஐந்தாண்டுகளில் 500 கோடி ரூபாய் வரை நடுவண் அரசு வழங்கும் என்றும், அதற்கு ஈடான தொகையை மாநில அரசும் உள்ளாட்சியும் ஏற்கும் என்றும் வகுக்கப்பட்டது. பணிகளை நடத்த மாநில அரசும் மாநகராட்சியும் பங்குதாரர்களாக உள்ள தனி நிறுவனம் அமைக்கப்பட்டது. காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டு, தேசியத் திட்டம் 2025 மார்ச் 31 அன்று நிறைவடைந்தது.

நன்மைகள்

சேலத்தில் பழைய பேருந்து நிலையம் ஈரடுக்கு நிலையமாக மாற்றிக் கட்டப்பட்டு 2023 சூனில் திறக்கப்பட்டது. கண்காணிப்புக் கேமராக்கள், போக்குவரத்து, குப்பை அகற்றல் ஆகியவற்றின் தகவல்களை ஒரே இடத்தில் காட்டும் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையங்கள் தேசியத் திட்டத்தின் முக்கியக் கூறாகும். 2020இல் கொரோனா பரவியபோது பல நகரங்களில் இவையே நோய்த் தடுப்பு மையங்களாகச் செயல்பட்டன. எல்.இ.டி. தெருவிளக்குகள் மின்செலவைக் குறைக்கின்றன.

செலவுகள்

கருவிகளை வாங்குவது ஒருமுறைச் செலவு. பராமரிப்பு, மென்பொருள் உரிமம், மின்சாரம், பணியாளர் ஊதியம் ஆகியவை ஆண்டுதோறும் தொடரும். திட்ட நிதி நின்றபின் இச்சுமை உள்ளாட்சியின் மீதே விழுகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றத்துக்கு வெளியே தனி நிறுவனம் முடிவெடுப்பது குறித்து நாடெங்கும் விமர்சனம் எழுந்தது. கேமராக்கள் தனியுரிமைக் கேள்வியையும் எழுப்புகின்றன. தனியுரிமை அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது.

எல்லையும் ஆறும்

சேர்வராயன் மலையில் உருவாகும் திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள் ஓடிக் காவிரியில் கலக்கிறது. நகரில் அது கழிவுநீரால் மாசடைந்ததால் அதைச் சீரமைப்பதும் திட்டப் பணிகளில் ஒன்றானது. ஆனால் திட்டத்தின் எல்லை மாநகராட்சியோடு முடிகிறது. ஏற்காடு தனி ஊராட்சி ஒன்றியம். நீர்ப்பிடிப்புப் பகுதியான மலையில் காடும் ஊற்றுகளும் காக்கப்படாவிட்டால், கரையை எவ்வளவு சீரமைத்தாலும் ஆற்றில் நல்ல நீர் ஓடாது. ஆகவே இத்திட்டத்தின் பயனை மதிப்பிடும்போது நகரில் பொருத்தப்பட்ட கருவிகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. அவற்றைத் தொடர்ந்து இயக்கும் வருவாய் மாநகராட்சிக்கு உண்டா, நீர் தரும் மலைக்கு அந்தப் பயனில் பங்கு உண்டா என்பனவும் கணக்கில் சேர வேண்டும்.