கடைசி லோடு

ஒரு தூணின் சிமெண்ட் முன்பு கடலடியில் கிடந்தது. அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல், கிரெட்டேஷியஸ் காலத்துக் கடல் விட்டுச்சென்ற படிவு. கல் வெட்டும் குழிகளில் அம்மோனைட்டுகளும் சிப்பிகளும் கல்லாகிக் கிடைப்பது அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. அந்தக் கல்லைக் களிமண்ணோடு சேர்த்து 1450 டிகிரியில் சுட்டு, கொஞ்சம் ஜிப்சம் கலந்து அரைத்தால் சிமெண்ட். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் மூத்த கடல், ஐம்பது கிலோ மூட்டைகளில் சென்னைக்கு லாரி ஏறியது.

தூணின் ஜல்லி பல்லாவரம், திரிசூலம் குன்றுகளிலிருந்து வந்தது. அந்தப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் காலூன்றிய ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்தப் பக்கத்திலிருந்து போனது. அதை வைத்துத்தான் பாறைக்கே அவர் பெயர் வந்தது. ஒரு குன்று கல்லறையாகப் போய்ப் பெயர் வாங்கி வந்தது, மற்றவை ஜல்லியாகப் போய்க் காணாமலே போயின. மணல் பாலாற்றில் அள்ளியது. செங்கல், செங்கற்பட்டுப் பக்கத்து ஏரி மண்ணைச் சுட்டது.

தூண் நின்றது சென்னை மந்தைவெளியில், 1983இல் கட்டிய எட்டு வீட்டுக் குடியிருப்பு ஒன்றில் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கட்டடத்தையும் பெயர் சொல்லிக் காட்டப் போவதில்லை. அந்தப் பத்தாண்டில் எழுந்து இந்தப் பத்தாண்டில் இடிபடுபவற்றில் எதுவாகவும் அது இருக்கலாம். 1982இல்தான் சிமெண்ட் மீதான அரசுக் கட்டுப்பாடு பாதியளவு தளர்ந்தது; முழுதாக நீங்க 1989 ஆனது. அதற்கு முன் வீடு கட்டுகிறவர் பர்மிட்டுக்கு நடந்த நடையைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டால் ஒரு மாலை முழுக்கச் சொல்வார்கள். அப்படி எண்ணி எண்ணி வாங்கிய பொருளில் நின்ற தூண் நாற்பது ஆண்டு நின்றது. தரைத்தளத்தில் அதன்மேல் சைக்கிள் சாய்த்தார்கள், தேர்தல் நோட்டீஸ் ஒட்டினார்கள், மேலே மேலே பெயிண்ட் அடித்தார்கள். சொல்லும்படி வேறொன்றும் நடக்கவில்லை.

பிறகு வீட்டுக்காரர்கள் கூடிப் பேசினார்கள். லிஃப்ட் இல்லை, கார் நிறுத்த இடமில்லை, கூரைக் கம்பி துருப்பிடித்துக் காரை கொட்டுகிறது. 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே இடித்துக் கட்டலாம். கையெழுத்தானது.

வீட்டை இடிக்கும் தொழில் வெளியிலிருந்து பார்ப்பதுபோல் அழிப்புத் தொழில் அல்ல, வியாபாரம். இடிப்பவர் கட்டடத்தை விலைபேசி எடுக்கிறார். முதலில் போவது தேக்குக் கதவும் நிலையும் ஜன்னலும். அடுத்து கிரில், குழாய், செம்புக் கம்பி, சிங்க், கடப்பாக் கல். பிறகு பிரேக்கர் மெஷின் இறங்கித் தளத்தை உடைக்கிறது. கான்கிரீட்டை நொறுக்கி உள்ளிருக்கும் கம்பியை உருவுகிறார்கள். முழுசாக வரும் செங்கல்லுக்கும் ஆள் உண்டு. இந்த வரிசையில் எதுவும் வீணாவதில்லை. மாநகராட்சிகளுக்குப் பாடம் எடுக்கும் அளவுக்குத் துல்லியமான பிரிப்பு. விலையில்லாதது மட்டும்தான் கடைசியில் மிஞ்சும்: உடைந்த செங்கல், காரை, டைல்ஸ் சில்லு, கம்பியை முழுதாக உருவ முடியாத கான்கிரீட் கட்டி. சென்னையில் இதற்கு ரப்பீஸ் என்று பெயர். நம் தூணின் அடிப்பாகம் இதில்தான் சேர்ந்தது. அதற்குள் நாலு கம்பி மிச்சம். அதை எடுக்க ஆகும் கூலி கம்பி விலையைவிட அதிகம்.

எவ்வளவு தேறும்? டைஃபாக் என்ற மத்திய அரசின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பு 2001இல் ஒரு கணக்கு சொன்னது: கட்டடத்தை இடித்தால் சதுர மீட்டருக்கு 300 முதல் 500 கிலோ கழிவு. எட்டு வீடும் சேர்ந்து 800 சதுர மீட்டர் என்றால் 240 முதல் 400 டன். பத்து டன் ஏற்றும் டிப்பருக்கு 24 முதல் 40 நடை, முப்பது என்று வைத்துக்கொள்வோம். இந்த முப்பதுக்கும் போக்கிடம் வேண்டும். முதல் சில நடைகள் சுலபம். தாழ்வான மனை வைத்திருப்பவர்கள் மேடாக்க ரப்பீஸ் கேட்டு வாங்குவார்கள். ஆனால் வேலை முடியும் தறுவாயில் புது பில்டர் மனையை உடனே காலி செய்து கேட்பார், மனை நிரப்ப ஆள் கிடைக்காது, லாரிக்கு நடைக் கணக்கில் பணம்.

மாநகராட்சியின் மறுசுழற்சி ஆலைகள் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இருக்கின்றன. மந்தைவெளியிலிருந்து எது பக்கம் என்று பார்த்தாலும் பத்துக் கிலோமீட்டர் சுமாருக்கு ஓட்ட வேண்டும். பட்டினப்பாக்கம் கடலோ இரண்டே கிலோமீட்டர். பகலில் கனரக வண்டிகளுக்கு நகருக்குள் கட்டுப்பாடு இருப்பதால் லாரி ஓடுவது எப்படியும் இரவில்தான். பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம், அடையாற்று முகத்துவாரம், வடக்கே எண்ணூர்ச் சாலை ஓரம், தெற்கே ஈசிஆர் கடற்கரை வீடுகளின் பின்புறம் என்று கரையோரம் கட்டட இடிபாடு குவிந்த செய்திகள் ஆண்டுதோறும் வருவதற்குக் காரணம் பெரிய சதி ஒன்றும் இல்லை. கடைசி லோடு, இரவு நேரம், எட்டுக் கிலோமீட்டர் டீசல். இவ்வளவுதான்.

சட்டம் தூங்கவில்லை. 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, நிலம் நிரப்புவதற்காகக் கட்டட இடிபாட்டைக் கொட்டுவதைப் பெயர் சொல்லியே தடுத்தது. 2016ஆம் ஆண்டின் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள், ஒரு நாளில் 20 டன்னுக்கு மேலோ ஒரு மாதத்தில் 300 டன்னுக்கு மேலோ கழிவு உண்டாக்குபவர் அதைக் கான்கிரீட், மண், இரும்பு–மரம்–பிளாஸ்டிக், செங்கல்–காரை என்று பிரித்து வைக்கவும், இடிக்கும் முன்பே திட்டம் கொடுத்து ஒப்புதல் வாங்கவும் கூறின. நம் கட்டடம் அந்த 300 டன் கோட்டின்மேல் நிற்கிறது. எந்தப் பக்கம் சாயும் என்பது எடை போடுபவரைப் பொறுத்தது. எடை போடுபவர் யாரும் இல்லை.

தூணின் அடிப்பாகம் அலைவிளிம்பில் இறங்கியது. சென்னையில் கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான். அதனால் அலை அடிக்கும் பட்டை குறுகலானது. கரையோரம் கொட்டியது ஆண்டு முழுக்க அதற்குள்ளேயே கிடந்து அடி வாங்கும். கடல் உடனே பிரிக்க ஆரம்பிக்கிறது, இடிப்பவரைவிடக் கறாராக. காரைப் பொடியும் மண்ணும் முதல் வாரத்திலேயே கரைந்து நீரைக் கலக்கி நகர்கின்றன. பெயிண்ட் டப்பா, தெர்மோகோல் எல்லாம் மிதந்து வேறு ஊர்க் கரைக்குப் போகின்றன. செங்கல் உருண்டு உருண்டு சிவப்புக் கூழாங்கல்லாகிறது. டைல்ஸ் சில்லு உருளாது. பளபளப்புப் பூச்சோடு மணலுக்குள் செருகி நிற்கும். கான்கிரீட் கட்டி அங்கேயே புதைந்து எழுந்து புதைகிறது. உள்ளே மாட்டிக்கொண்ட கம்பியை உப்பு தேடிப் பிடிக்கிறது. இரும்பு துருவாகும்போது முன்பிருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். கட்டி உள்ளிருந்தே வெடிக்கும். ஓரிரு மழைக்காலத்துக்குள் நம் தூண், முனையில் கம்பி நீட்டிய மூன்று துண்டுகள்.

இதில் விஷம் எவ்வளவு என்று கேட்பவர்களுண்டு. உண்டு, ஆனால் அதுவே பெரிதல்ல என்பது என் எண்ணம். வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த பெயிண்ட் சுவரோடு சேர்ந்து கரைக்கு வருகிறது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உடையும்போதும் தேயும்போதும் நார் காற்றில் கலக்கிறது. புதிதாக உடைந்த கான்கிரீட்டிலிருந்து காரம் கசிகிறது. திறந்த கடலில் அது தெரியாது, அலை வந்து போகாத முகத்துவாரக் குட்டையில் மீன்குஞ்சுக்குத் தெரியும். இருந்தாலும் இது ரசாயன ஆலைக் கழிவல்ல. வெறும் கல்லும் மண்ணும்தானே என்ற நினைப்பே ரப்பீஸுக்குக் கிடைத்த பாதுகாப்பு. நாற்றமில்லை, நிறமில்லை, மீன் செத்து மிதப்பதில்லை. அது செய்யும் கெடுதி வேறு: மணலை மணலாக இருக்க விடுவதில்லை.

இந்தக் கரையில் மணல் நிற்பதில்லை, போகிறது. தென்மேற்குப் பருவத்தில் தெற்கிலிருந்து வடக்கே, வாடைக்காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே. மீனவர்கள் வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும் தெற்கே ஓடுவதை வன்னி என்றும் சொல்கிறார்கள். ஆண்டுக் கணக்கில் தெண்டிதான் ஜெயிக்கிறது. அந்தப் போக்கை மறித்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னை நூற்றைம்பது ஆண்டுகளாகப் பார்க்கிறது. 1870களில் துறைமுகச் சுவர் எழுந்ததும் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை தெருத் தெருவாகக் கடல் தின்றது. இன்று அங்கே கருங்கல் குவித்துக் காவல் போட்டிருக்கிறார்கள். இதைக் காட்டி, "ரப்பீஸும் கடலைத் தடுக்கும்தானே" என்று சொல்லிக் கொட்டுகிறவர்கள் உண்டு. சொந்த மதிலைக் காக்கக் கடற்கரைப் பங்களாக்காரர்கள் செய்வதும் அதுவே. தடுக்காது. கருங்கல்லின் அடர்த்தி 2.6க்கு மேல், செங்கல்லுக்கு 2க்குள். நீருக்குள் இறங்கினால் செங்கல் சுமாராகப் பாதி எடையை இழந்துவிடும். அலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கனமான கட்டிகள் மட்டும் ஆங்காங்கே நின்று, தம்மைச் சுற்றி நீரைச் சுழலவிட்டு, அடியிலிருக்கும் மணலையும் பறித்துக்கொடுக்கும்.

கரையைக் காலி இடமாகப் பார்ப்பது லாரிதான். மீனவர்களுக்கு அது தொழிற்கூடம்: ஃபைபர் படகை ஏற்றி நிறுத்தும் இடம், வலை உலர்த்திப் பின்னும் இடம், மீன் ஏலம் போகும் இடம், கருவாடு காயும் இடம். கரைவலை இழுப்பவர்கள் வெறுங்காலோடு மணலில் பின்னகர்ந்தபடி இழுக்கிறார்கள். டைல்ஸ் சில்லு அங்கேதான் இருக்கிறது. தூணின் கம்பி வலையைப் பிடித்தால் ஒரு நாள் பாடு மட்டும் போவதில்லை. கிழிந்த வலையைச் சரிசெய்யும் நாட்களும் போகின்றன. புதைந்த கட்டியின்மேல் படகின் அடி ஏறினால் ஃபைபர் கீறும்.

ஐப்பசி, கார்த்திகைக் கடல் மணலைச் சுரண்டி, புதைந்தவற்றை வெளியே காட்டிவிட்டுப் போகும். அடுத்து தையில் பங்குனி ஆமைகள் வர ஆரம்பிக்கும். மார்ச் வரை, சில ஆண்டு ஏப்ரல் வரையும், அவை இரவில் ஏறி, பின் துடுப்புகளால் ஒன்றரை அடிக் குழி தோண்டி நூறு முட்டைக்கு மேல் இடுகின்றன. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பினர் இந்தக் கரையில் இரவு நடை நடந்து முட்டைகளை எடுத்துக் காக்கிறார்கள். ஆமைக்குத் தோண்ட ஒரே வழிதான் தெரியும். துடுப்பு கல்லில் தட்டினால் குழியை விட்டுவிட்டு நகர்ந்து மறுபடி தோண்டும், இல்லையென்றால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் வேர்விட்டு மணலைப் பிடித்துவைக்கும் மேட்டில் ரப்பீஸ் விழுந்தால் அந்தச் செடிகளும் அடியில் அமுங்கிப்போகும்.

கொட்டியதைத் திரும்ப எடுக்க முடியாதா? முடியும். அடையாற்றுக் கழிமுகத்தில் 2011இல் திறந்த தொல்காப்பியப் பூங்காவின் 58 ஏக்கரிலும் முன்பு இடிபாடு குவிந்துதான் கிடந்தது. அதை அள்ளிய பிறகே நீரும் பறவையும் திரும்பின. ஆனால் அது அசையாத சேறு. அலைக்கரையில் பொக்லைன் வைத்தால் கல்லோடு மணலும் சேர்ந்து போகும். சலிப்பது அரிசியில் கல் பொறுக்கும் வேலை, அதுவும் கிலோமீட்டர் கணக்கில்.

வேதனை என்னவென்றால், தூணுக்கு வேறொரு வாழ்வு தயாராக இருந்தது. இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 383, 2016இல் திருத்தப்பட்டபோது, நொறுக்கிய பழைய கான்கிரீட்டைக் கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரையும், எம்25 தரம் வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம் வரையும் ஜல்லிக்குப் பதிலாகச் சேர்க்க அனுமதித்தது. பெருங்குடிக்குப் போயிருந்தால் காந்தம் அந்த நாலு கம்பியை உருவியிருக்கும், மிச்சம் நடைபாதைக் கல்லாகியிருக்கும்.

2025இல் மத்திய அரசு புதிய இடிபாட்டுக் கழிவு விதிகளை வெளியிட்டது. நடைமுறை 2026 ஏப்ரல் 1 முதல். கழிவின் முழுப் பயணத்துக்கும் கட்டுபவரே பொறுப்பு என்கின்றன அவை. அந்தப் பொறுப்பு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலுமான திட்டங்களுக்கு. மந்தைவெளிக் கட்டடம் 800 சதுர மீட்டர். ஆனாலும் அதன் முப்பது நடைகளும் எங்கே போய்ச் சேர்ந்தன என்பதற்கு ஆலையின் எடைச்சீட்டுகளைக் காட்டினால்தான் புதுக் கட்டடத்துக்கு அனுமதி என்று உள்ளாட்சி அலுவலகம் சொல்லலாம். அந்தச் சீட்டைக் கேட்டாலே போதும்.