சூலியாத் தெருவும் ஜார்ஜ் டவுனும்

பினாங்கின் வரலாறு என்றவுடன் பாடநூல்கள் 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாளிலிருந்து தொடங்குகின்றன. அன்றுதான் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் இத்தீவைக் கைக்கொண்டார். தீவு வேல்ஸ் இளவரசர் தீவு எனப் பெயர் பெற்றது; அதன் வடகிழக்கு முனையில் எழுந்த ஊர் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைத் தாங்கியது. மலேசியத் தமிழரின் வரலாறு என்றாலோ நம் மாணவர் பலரின் மனத்தில் முதலில் எழுவது ரப்பர்த் தோட்டமும் லயமுமே. இவ்விரு காட்சிகளுக்கும் இடையே ஏறத்தாழ நூறாண்டுக் காலம் பேசப்படாமல் போகிறது. அந்த நூறாண்டின் தடயங்கள் ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களில் இன்றும் கிடக்கின்றன. அவற்றுள் சிலவற்றையே இவ்வுரையில் காணப் புகுகிறோம்.

லைட் வகுத்த முதல் ஊர் மிகச் சிறியது. வடக்கே லைட் தெரு, கிழக்கே கடற்கரைத் தெரு, மேற்கே பிட் தெரு, தெற்கே மலபார் தெரு என நான்கு எல்லைக்குள் அது அடங்கிவிடும். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை மலபாரிகள் என்றே எழுதி வந்தனர். அத்தெற்குத் தெருவுக்கே பின்னர்ச் சூலியாத் தெரு என்ற பெயர் நிலைத்தது. சூலியா என்ற சொல் சோழ நாட்டின் பெயரிலிருந்து வந்தது என்பது பெரும்பாலோர் கொண்ட கருத்து. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகரை, சிறப்பாகத் தமிழ் முஸ்லிம்களை, அச்சொல் சுட்டியது. ஓர் ஆங்கிலக் குடியேற்றத்தின் முதல் வரைபடத்திலேயே எல்லைத் தெரு ஒன்று நம்மவர் பெயரைத் தாங்கி நிற்பது எவ்வாறு?

விடை அக்கரையில், கெடாவில் இருக்கிறது. பட்டினப்பாலை குறிப்பிடும் காழகத்தைக் கடாரம் என்று உரை கண்டார் நச்சினார்க்கினியர். 1025ஆம் ஆண்டு முதலாம் இராசேந்திரனின் கடற்படை சென்ற நாடும் அதுவே. இவற்றைச் சொல்லிப் பெருமை கொள்வதில் நமக்குச் சலிப்பே ஏற்படுவதில்லை. ஆயினும் ஜார்ஜ் டவுனை விளங்கிக்கொள்ளப் படையெடுப்பைக் காட்டிலும் வணிகமே கூடுதலாக உதவும். சோழமண்டலத் துணியைக் கொண்டுவந்து தகரமும் மிளகும் பாக்கும் ஏற்றிச் சென்ற சூலியா வணிகர், லைட் வருவதற்கு முன்பே கெடாவில் வேரூன்றியிருந்தனர். 1794ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லைட் எழுதிய அறிக்கை இதற்குச் சான்று. தீவில் ஏறத்தாழ ஆயிரம் சூலியர் தங்கியிருப்பதாகவும், அவர்களிற் பெரும்பாலோர் கெடாவில் நெடுங்காலம் வாழ்ந்தவர் என்றும், சிலர் அங்கேயே பிறந்தவர் என்றும் அவர் குறிக்கிறார். ஆண்டுதோறும் கப்பல்களில் 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து, உழைத்துச் சிறிது பொருள் சேர்த்து, ஊர் திரும்புவர் என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. இம்மக்களை லைட் அழைத்து வந்தார் என்பதைவிட, அவர்கள் நீண்ட நாள் பழகிய கடல்வழியின் ஓரத்தில் லைட் வந்து ஊர் அமைத்தார் என்பதே பொருத்தம் என எண்ணுகிறோம்.

மலாய் மொழியும் இப்பழக்கத்துக்குச் சான்று பகர்கிறது. கடை கெடாய் ஆயிற்று. கப்பல் காப்பால் ஆயிற்று. பெட்டி பெத்தி ஆயிற்று. சந்தைத் தெருவைத் தமிழர் இன்றும் கடைத்தெரு என்றே வழங்குகின்றனர். தோளில் காவடித் தண்டைத் தாங்கி, இருபுறமும் சோற்றுக்கூடையும் குழம்புக்கூடையும் தொங்கவிட்டுத் தமிழ் முஸ்லிம்கள் விற்ற உணவே நாசி கண்டார். கண்டார் என்பது அந்தத் தண்டின் பெயர். பினாங்கின் அடையாள உணவாக அதை வரிசையில் நின்று உண்போருள் இதை அறிந்தவர் எத்தனை பேரோ!

வணிகருக்கு நிலமும் கிடைத்தது. பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முகைதீன் சூலியரின் தலைவராக, கப்பித்தான் கிளிங் ஆக, அமர்த்தப்பட்டார். 1801ஆம் ஆண்டு பள்ளிவாசல் கட்டுவதற்கென 18 ஏக்கர் நிலத்தைத் துணை ஆளுநர் ஜார்ஜ் லீத் வழங்கினார். பிட் தெருவில் இன்று நாம் காணும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் தொடக்கம் இதுவே. அத்தெருவும் இப்போது அதன் பெயராலேயே வழங்குகிறது. கிளிங் என்பது கலிங்கத்திலிருந்து பிறந்த பழைய சொல். பிற்காலத்தில் அது இழிவுக் குறிப்புப் பெற்று நம் செவியில் உறுத்துகிறது. ஆயினும் கப்பித்தானின் பட்டத்தில் அது மதிப்புக்குரிய சொல்லாகவே நின்றது. சூலியாத் தெருவும் அரசர் தெருவும் சந்திக்கும் மூலையில் நாகூர் ஆண்டகையின் நினைவாக ஒரு தர்கா எழுந்தது. அங்கே அடக்கத்தலம் இல்லை. கடல் கடந்தவர்கள் தம் ஊர்ப் பற்றை ஒரு கட்டடமாக எழுப்பிக்கொண்டார்கள். அரசித் தெருவில் 1833ஆம் ஆண்டு மாரியம்மன் கோயில் எழுந்தது. பள்ளிவாசல், மாரியம்மன் கோயில், சீனரின் குவான் இன் கோயில், புனித ஜார்ஜ் தேவாலயம் ஆகியவை சில நூறு தப்படிகளுக்குள் நிற்பதைச் சுற்றுலாக் கையேடுகள் வியந்து கூறும். அவ்வியப்பைக் குறைகூறோம்.

எனினும் அத்தேவாலயத்தின் வெண்ணிறத் தூண்களின் முன் சற்று நின்றாக வேண்டும். 1817, 1818ஆம் ஆண்டுகளில் அதைக் கட்டிய கைகள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் கைகள். வணிகருக்கு நிலமளித்த அதே கம்பெனி இத்தீவைச் சிறைத்தீவாகவும் ஆக்கியிருந்தது. நாடு கடத்தப்பட்டோரில் பாளையக்காரர் போரில் பிடிபட்டவர்களும் உண்டு. 1801 அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டனர். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டு இங்குக் கொணரப்பட்டனர். அப்போது துரைசாமி சிறுவர். சிவகங்கைச் சீமையில் சின்ன மருதுவிடம் வளரி எறியவும் வேல் எறியவும் கற்றுக்கொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படையதிகாரி, 1818ஆம் ஆண்டு பினாங்கு வந்தபோது துரைசாமியைக் கண்டார். தந்தையின் அரண்மனையில் தாம் பார்த்த பிள்ளை அடையாளம் தெரியாத அளவுக்குத் தளர்ந்து போயிருந்ததைத் தம் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதி வைத்திருக்கிறார். அது தேவாலயம் கட்டி முடிந்த ஆண்டு. அவ்வேலையில் துரைசாமியின் கூட்டத்தார் எவரேனும் ஈடுபட்டனர் என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரே தெருவில், ஒரே தலைமுறையில், ஒரே மொழி பேசிய ஒருவருக்குக் கப்பித்தான் பட்டமும் இன்னொருவருக்குக் கைவிலங்கும் கிடைத்தன என்பதே நாம் சுட்டுவது. முன்னவர் பெயரைத் தெருவே சொல்லும். பின்னவரைத் தேடி ஒரு வெள்ளையரின் நூலுக்குப் போகவேண்டியிருக்கிறது.

ஆசிரியர்கள் நினைவிற்கொள்ள வேண்டிய மற்றோர் ஆண்டும் இக்காலத்ததே. தேவாலயம் அமையப் பாடுபட்ட பாதிரியார் ஹட்சிங்ஸ் 1816 அக்டோபர் 21ஆம் நாள் பினாங்கு இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே நடந்த தமிழ் வகுப்பே இந்நாட்டில் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. 2016ஆம் ஆண்டு நாம் இருநூறாண்டு நிறைவைக் கொண்டாடியதும் அதுபற்றியே. அவ்வகுப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் நாகூர் குலாம் காதிறு நாவலர் இந்நகருக்கு வந்து 'வித்தியா விசாரிணி' என்ற தமிழ் இதழை நடத்தினார். தோட்டத்துப் பள்ளிகள் பெருகுவதற்கு முன்பே இங்குத் தமிழைப் படிக்கவும் அச்சிடவும் ஒரு நகரச் சமூகம் இருந்தது என்பதற்கு இவை போதும்.

நகரத்தார் வரலாறு தனி உரைக்கு உரியது. இங்குத் தொட்டு மட்டும் செல்வோம். பினாங்குத் தெருவில் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் நடத்திய அவர்கள், 1857ஆம் ஆண்டு தண்ணீர்மலை அடிவாரத்தில் முருகனுக்குக் கோயில் எடுத்தனர். தைப்பூசத்துக்கு முன்னாள் வெள்ளித்தேர் தெருக்கோயில் வீட்டிலிருந்து புறப்படும்போது வழிநெடுகச் சீனர்கள் மலை மலையாகத் தேங்காய் குவித்து உடைப்பதைக் கண்டவர் மறவார்.

இத்தனையும் நிலைத்திருப்பதாகத் தோன்றலாம். 2008 ஜூலை 7ஆம் நாள் மலாக்காவுடன் ஜார்ஜ் டவுன் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. கட்டடங்களுக்குக் காப்பு கிடைத்தது. மக்களின் நிலை வேறு. பள்ளிவாசலுக்கு அளித்த 18 ஏக்கரில் அதைச் சூழ்ந்து தமிழ் முஸ்லிம் குடியிருப்பு ஒன்று வளர்ந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியேற்ற அரசு அறநிலையச் சொத்துகளைத் தன் வாரியத்தின் கீழ்க் கொண்டுவந்து, அக்குடியிருப்பின் பெரும்பகுதியை அகற்றியது. பள்ளிவாசல் பொலிவுடன் புதுப்பிக்கப்பட்டது. அதைச் சுற்றியிருந்த ஊர் போயிற்று. 1969இல் தீவு கட்டற்ற துறைமுகத் தகுதியை இழந்தபோது வணிகம் தளர்ந்தது. பின்னர், பழைய வீடுகளின் வாடகையைக் கட்டுக்குள் வைத்திருந்த 1966ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டு, அந்நீக்கம் 2000 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பல தலைமுறையாகச் சிறு வாடகைக்குக் குடியிருந்த தமிழரும் சீனரும் நகரத்தின் நடுப்பகுதியை விட்டுப் பெயர்ந்தனர். மரபுச் சின்னத் தகுதி வருவதற்கு எட்டாண்டுகளுக்கு முன்பே அந்த மரபின் மாந்தர் பலர் வெளியேறத் தொடங்கிவிட்டனர்.

கடைத்தெருவில் இன்றும் பூக்கடையும் துணிக்கடையும் உண்டு; பாட்டு ஒலிக்கிறது; மல்லிகை மணக்கிறது. அக்கடைகளில் வேலை செய்வோர் பலர் மாலையில் பேருந்திலோ படகிலோ ஏறி வேறிடங்களுக்குத் திரும்புகின்றனர். சூலியாத் தெருவின் மாடிகளில் பயணிகள் விடுதிகள் வந்துள்ளன. பள்ளி மாணவரை இத்தெருக்களுக்கு அழைத்து வரும் ஆசிரியர், கோபுரத்தையும் மினாராவையும் காட்டிய பின்பு, ஒவ்வொரு மாடியையும் சுட்டி அங்கே முன்பு குடியிருந்தவர் யார், அவர்கள் எங்கே சென்றார்கள் என்று தம் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு எழுதி வரச் சொல்லலாம். அதற்கு விடை சொல்லக்கூடிய முதியோர் ஜெலுத்தோங்கிலும் பட்டர்வொர்த்திலும் இன்னும் இருக்கிறார்கள்.