பழம் பாவையும் நம் கடனும்

பாவை என்னுஞ் சொல் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. சங்க காலத்து மகளிர் கடற்கரை மணலிலே வண்டற்பாவை புனைந்து விளையாடியதையும், பஞ்சாய்க் கோரையாற் பாவை செய்து போற்றியதையும் அகப்பாடல்கள் காட்டுகின்றன. கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவையைத் திருவள்ளுவர் நாணுடைமை அதிகாரத்திலே உவமையாக்கினார். மண்ணாற் புனைந்த பாவையைக் கல்லாமை அதிகாரத்திலே எடுத்தாண்டார். மணற்பாவை அலையோடு அழிந்தது. கோரைப்பாவை உலர்ந்து உதிர்ந்தது. தலைமுறை தாண்டி நிற்கும் ஆற்றல் மரத்துக்கே வாய்த்தது. அவ்வாறு நின்று, இன்றும் சில இல்லங்களிற் குடும்பச் சொத்தாக விளங்குவதே மரப்பாச்சி.

மரப்பாச்சி ஆணும் பெண்ணுமாக இணையாகச் செய்யப்படுவது. தமிழகத்திலே மணமகளுக்குப் பெற்றோர் சீராக அளிப்பர். அவள் புகுந்த வீட்டில் நவராத்திரிக் கொலு வைக்கும்போது அவ்விணைக்குப் பட்டுடுத்திப் படியில் முதலிடம் தருவாள். பின்னர் அதனைத் தன் மகளுக்குக் கொடுப்பாள். எம் நாட்டிலே நவராத்திரிக்குக் கும்பம் வைத்து முப்பெருந் தேவியரை வழிபடுதலே பெருவழக்கு. எனினும், இந்தியத் தொடர்புடைய குடும்பங்கள் கொலு வைத்தலும் உண்டு. அவர்கள் வாயிலாக மரப்பாச்சியும் எம்மிடையே அறிமுகமாயிற்று.

பழைய மரப்பாச்சிகள் பெரும்பாலும் செஞ்சந்தன மரத்தாற் செய்யப்பட்டவை. ஆந்திர நாட்டுத் தென்பகுதி மலைகளிலே இயற்கையாக வளரும் இம்மரம் மிகக் கனமானது. இதன் வயிரத்தைப் பூச்சி எளிதில் அரிப்பதில்லை. அளவின்றி வெட்டப்பட்டமையால், 1995 ஆம் ஆண்டு முதல் இதன் பன்னாட்டு வாணிகம் உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. இன்று விற்பனைக்கு வரும் புதிய பொம்மைகள் பலவும் வேறு மரத்தாலானவை. ஆதலின் பழைய இணையொன்றை இழப்போமாயின், அதற்கு ஈடானதைக் கடையிற் பெறுதல் அரிது.

இத்தகைய பொம்மையைச் செப்பனிடப் புகும் இளைஞர் முதலில் ஒன்றை உணர்தல் வேண்டும். பழுது நீக்குதல் வேறு, புதிதாக்குதல் வேறு. பளபளக்கும் எனாமல் வர்ணத்தைப் பூசிவிட்டால் பொம்மை புதிதாகத் தோன்றும். ஆனால் உளியின் தடமும், பல தலைமுறைக் குழந்தைகளின் கை பட்டு மழுங்கிய முகமும் அதனுள் மறைந்துபோம். அத்தேய்மானமே அக்குடும்பத்தின் வரலாறு அன்றோ?

செய்யவேண்டியவை சிலவே. மெல்லிய உலர்ந்த தூரிகையால் மடிப்புகளிலுள்ள தூசியைத் தட்டுக. எஞ்சிய அழுக்கை, நீரில் நனைத்து நன்கு பிழிந்த பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து நிழலில் உலர்த்துக. நீரில் ஊறவைத்தலும் வெயிலில் வைத்தலும் வெடிப்பை உண்டாக்கும். ஸ்பிரிட் கொண்டு துடைத்தல் கூடாது. செஞ்சந்தனத்தின் சிவப்புச் சாயம் அதிற் கரையும் இயல்பினது. உப்புத்தாளால் தேய்த்தலும் தகாது. மழைக்காலத்தில் மரம் விரிந்து கோடையிற் சுருங்குமாதலால், சிறு வெடிப்புகளை இறுக அடைக்காது விடுதலே நன்று. கை முறிந்திருந்தால், பின்னர் நீக்கக்கூடிய பசையையே பயன்படுத்துக; உடன் ஒட்டும் கடும்பசை ஒருமுறை தவறாக ஒட்டினால் மரத்தைச் சிதைக்காது பிரித்தல் கடினம்.

வேறு மரத்தாலான பொம்மையிற் சிறு துளைகளும் புதிய மரத்தூளும் காணப்படின் வண்டு உள்ளே உயிருடன் இருத்தல் கூடும். வண்ணம் பூசாத பொம்மையாயின், பொலித்தீன் பையில் காற்றுப் புகாது கட்டி, குளிர்ப்பெட்டியின் உறைநிலைப் பகுதியில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியில் எடுத்தபின் ஒருநாள் கழித்தே பையைத் திறத்தல் வேண்டும். வர்ணம் தீட்டிய மண் பொம்மைகளுக்கோ நீரே பகை. அவற்றுக்கு உலர்ந்த தூரிகை மட்டுமே போதும். பழைய பட்டாடையைத் துவைக்காது வெள்ளைப் பருத்தித் துணியிற் சுற்றி வைத்து, பொம்மைக்குப் புதிய ஆடை தைத்து உடுத்தலாம்.

இவை யாவற்றினும் மேலான பணி ஒன்றுண்டு. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் கையிலெடுக்கக் கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறினர். அக்காலத்தும் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ இல்லங்களின் பெட்டகங்களும் படங்களும் ஏடுகளும் அழிந்தன. எஞ்சிய பொருள்களைப் பற்றிச் சொல்லக்கூடிய முதியோரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். பொருள் நம் கையிலிருந்தும் அதன் கதை மறைந்துவிட்டால், அது வெறும் மரத்துண்டே.

எனவே, வீட்டிலே பழம் பாவையொன்று இருக்குமாயின், அதனைத் துடைப்பதற்கு முன் பாட்டியாரிடம் அமர்ந்து கேட்போமாக. யார் கொடுத்தது, எவ்வூரிலிருந்து வந்தது, யார் யார் விளையாடினர் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, நாளிட்டு, பொம்மையோடு வைப்போமாக. செய்த பழுதுபார்ப்பையும் அதிற் குறிப்போமாக. முதியோரும் கேட்கப்படும்வரை காத்திராது, தாமே அழைத்துச் சொல்லுதல் வேண்டும். வருகின்ற நவராத்திரிக்கு முன் இப்பணியைத் தொடங்குவோமாயின், அடுத்த தலைமுறை பொம்மையோடு அதன் கதையையும் பெற்றுக்கொள்ளும்.