வங்குரோத்தின் செலவை யார் கொடுக்கிறார்கள்?



ஊரில் ஒரு கடை நொடித்துப் போனால் "ஆள் வங்குரோத்து" என்போம். இந்தச் சொல்லை எங்களுக்குத் தந்தவர்கள் ஒல்லாந்தர். அவர்களுக்கு அது பிரெஞ்சு மொழி வழியாக இத்தாலியிலிருந்து வந்தது. 'பாங்கா ரோத்தா' என்றால் உடைந்த பலகை. சந்தையில் பலகை போட்டு நாணயம் மாற்றியவர் கொடுக்கல் வாங்கலில் முறிந்தால் அவருடைய பலகையை உடைத்துவிடுவார்கள் என்பது வழிவழியாக வரும் விளக்கம். இங்கே பிரான்காச்சோவில் ஒரு பட்டறை பூட்டப்படும்போது நாம் கேட்கும் சொல் 'ஃபல்லிமெந்தோ'. சொல் எதுவானாலும், முறிந்த வியாபாரத்தைத் தீர்த்து முடிக்க ஒரு செலவு உண்டு. அது காலங்காலமாக யார் தலையில் விழுந்தது என்பதையே இன்று பார்க்கப்போகிறோம்.

பழைய காலத்தில் அந்தச் செலவைக் கடன்பட்டவர் தன் உடலாலேயே கட்டினார். கொடுக்க முடியாதவருக்குச் சிறை. இதை மாற்றும்படி கேட்டவர்களில் ஒருவர் நமக்கு நன்கு தெரிந்தவர்: பதுவை அந்தோனியார். அவருடைய வேண்டுகோளின்படி பதுவை நகரம் 1231 மார்ச்சில் ஒரு சட்டம் இயற்றியது. தன் உடைமைகளை ஒப்படைத்துவிடும் கடனாளியைச் சிறையில் அடைக்கக்கூடாது என்றது அது. அவ்வாண்டு ஜூனில் அந்தோனியார் காலமானார். சிறை விலகினாலும் அவமானம் விலகவில்லை. உள்ளாடையோடு ஒரு கருங்கல்லில் உட்கார்ந்து, சொத்தைக் கைவிடுகிறேன் என்று ஊரறியச் சொல்லவேண்டும். அந்தக் கல் பதுவையின் பழைய நீதி மாளிகையில் இன்றும் இருக்கிறது.

எழுநூறு ஆண்டுகள் கழித்தும் அந்த மனப்பான்மை முற்றாக மாறவில்லை. முசோலினி ஆட்சியில் 1942 மார்ச் 16இல் வந்த சட்டம், முறிந்தவரின் பெயரைப் பொதுப் பதிவேட்டில் எழுதியது. அவருக்கு வரும் கடிதங்கள் நீதிமன்றம் நியமித்த 'கூராத்தோரே'யிடம் போயின. அனுமதியின்றி அவர் இருப்பிடத்தை விட்டு வெளியே போகமுடியாது. வாக்குரிமையும் ஐந்து ஆண்டு வரை பறிபோனது. இவை 2006ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில்தான் நீங்கின அல்லது தளர்ந்தன.

இனிப் பணக் கணக்குக்கு வருவோம். முறிந்த நிறுவனத்தின் சொத்தை விற்றால் வரும் பணம் நேரே கடன் கொடுத்தவர்களிடம் போவதில்லை. கூராத்தோரே, வழக்கறிஞர், மதிப்பீட்டாளர், ஏலம் என்று நடைமுறைச் செலவு முதலில் கழியும். அடுத்து வருவது முன்னுரிமை பெற்ற கடன்கள். தொழிலாளர் சம்பளம் அதில் முன்வரிசையில் நிற்கிறது. அடைமானம் வைத்த கட்டடத்தின் மீது வங்கிக்குத் தனி உரிமை. சாமான் கடனாகக் கொடுத்த சிறு வியாபாரி கடைசியில் நிற்பார். உலக வங்கி 2020ஆம் ஆண்டுக்கான தன் அறிக்கையில் இந்த நடைமுறைச் செலவைச் சொத்து மதிப்பின் விகிதமாகக் கணித்தது: இத்தாலியில் 22 வீதம், இலங்கையில் 10 வீதம், இந்தியாவில் 9 வீதம். தரவுகளில் முறைகேடு தெரியவந்ததால் அந்த அறிக்கை வரிசையே 2021இல் நிறுத்தப்பட்டது. ஆகவே இவற்றை ஒரு குத்துமதிப்பாகவே கொள்ளவேண்டும்.

எந்தக் கட்டணத்தையும் விடப் பெரிய செலவு காலம். ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றம் 2003 ஜூலையில் தீர்த்த ஒரு வழக்கில், 1984இல் தொடங்கிய முறிவு நடவடிக்கை 1999இல்தான் முடிந்திருந்தது. அத்தனை காலமும் அந்த மனிதரின் கடிதங்களும் நடமாட்டமும் கட்டுப்பட்டிருந்தது தவறு என்றது நீதிமன்றம். இழுபடும் வழக்குகளுக்கு நட்டஈடு கேட்க 2001இலேயே இத்தாலி 'பிந்தோ' சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. அதாவது, தாமதத்தின் விலையை வரி கட்டுபவரும் சேர்ந்து கொடுக்கிறார்.

தொழிலாளர் கதை விச்சென்சாவில் ஒரு திருப்பம் கண்டது. அங்கே சம்பள பாக்கி அறுபது லட்சம் லீரா வரவேண்டிய ஒரு தொழிலாளி வழக்கில் வென்றார். முதலாளியிடம் எடுக்க எதுவும் இருக்கவில்லை. முதலாளி முறிந்தால் சம்பளத்துக்கு உத்தரவாதம் தரும்படி ஐரோப்பா 1980இல் விதித்ததை இத்தாலி நிறைவேற்றவில்லை என்று அவர் அரசின் மீதே வழக்குப் போட்டார். 1991 நவம்பர் 19இல் வந்த 'ஃபிராங்கோவிச்' தீர்ப்பு, கடமை தவறிய அரசு நட்டஈடு தரவேண்டும் என்றது. அவருக்கோ அது உதவவில்லை. அவருடைய முதலாளி அந்த விதிக்குள் வரமாட்டார் என்று 1995இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. ஆனால் அவர் போட்ட வழக்கின் பலன் மற்றவர்களுக்குக் கிடைத்தது. 1982இல் 'தி எஃப்பே எர்ரே' என்னும் சேவைக்காலப் பணத்துக்காக 'இன்ப்ஸ்' உத்தரவாத நிதி தொடங்கியிருந்தது. 1992ஆம் ஆண்டுச் சட்டம் அதோடு கடைசி மூன்று மாதச் சம்பளத்தையும், ஓர் உச்ச வரம்புக்குள், சேர்த்தது.

இதே கரையில் தெர்மினி இமெரேசெ ஃபியாட் ஆலை 1970இல் திறந்து 2011 முடிவில் மூடப்பட்டது. அதை எடுத்த புளூடெக் நிறுவனமும் 2019இல் அரசின் சிறப்பு நிர்வாகத்துக்குள் போனது. ஆலைக்குப் புதிய கை கிடைத்தது 2024இல். இடைப்பட்ட ஆண்டுகளில் தொழிலாளர் அரச உதவிப் பணத்தில் காத்திருந்தார்கள்.

2022 ஜூலை 15 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டக்கோவை 'ஃபல்லிமெந்தோ' என்ற சொல்லையே நீக்கி 'நீதிமன்றக் கலைப்பு' என்கிறது. நேர்மையாக நடந்தவர் நடவடிக்கை தொடங்கி மூன்று ஆண்டுகளில் மீதிக் கடனிலிருந்து விடுபட வழி உண்டு. நம்மவர் நடத்தும் சிறு கடைகள் பெரும்பாலும் பெரிய நடவடிக்கைக்குள் வராது; அவற்றுக்கு எளிய நடைமுறை தனியே இருக்கிறது. வட்டிக்கு வட்டி வாங்கி மறைப்பதைவிட முன்கூட்டியே கணக்காளரிடம் போவது மலிவு.

கூலிக்குப் போகும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. நிதி இருந்தாலும் கேட்காமல் பணம் வராது. முதலாளி முறிந்தால் வரவேண்டிய தொகையை நீதிமன்றப் பட்டியலில் உரிய தவணைக்குள் பதிவுசெய்யவேண்டும்; 'பத்ரொனாத்தோ'வோ தொழிற்சங்கமோ உதவும். அதற்குக் கையில் 'பூஸ்தா பாகா'வும் வேலை ஒப்பந்தமும் வேண்டும். பதிவில்லாமல் 'நேரோ'வில் வேலை செய்தவர், தான் அங்கே வேலை செய்தேன் என்பதையே முதலில் நிரூபிக்கவேண்டியிருக்கும். ஆகவே சம்பளச் சீட்டை மாதாமாதம் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.